ஃபேனுக்கு ஒரு கூண்டு

என் அக்கா எங்களோடு வந்து இருக்க ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். சாப்பாட்டைப் பற்றியோ படுக்கையைப் பற்றியோ அல்ல. "சூப்பர்வைசர் பறக்கிற மாதிரி வீடு இருந்தா வர்றேன்" என்றாள்.

சூப்பர்வைசர் என்பது அவள் வளர்க்கும் பறவை. கிளி ஜாதிதான், ஆனால் பச்சை இல்லை. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, இரண்டு கன்னத்திலும் யாரோ கிள்ளிவிட்டது போல ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அக்கா முப்பத்தோரு வருஷம் துணி தைக்கிற ஃபேக்டரியில் செக்கராக இருந்தவள். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, தையல்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, கோணல் இருக்கும் இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. அங்கே இருந்த சூப்பர்வைசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், தலையை ஆட்டியபடியே மேஜைக்கு மேஜை நடப்பாராம். வாங்கி வந்த முதல் நாள் இந்தப் பறவையும் சாப்பாட்டு மேஜைமேல் அதே நடை நடந்திருக்கிறது. பெயர் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தவள். எழுந்திருக்கவும் முடியவில்லை, குரலும் வெளியே போகவில்லை. நாலு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறாள். கத்தியது சூப்பர்வைசர்தான். ஃபேக்டரியில் ஷிப்ட் முடியும்போது ஊதுகிற சங்கு மாதிரி, ஒரு நீளம் இரண்டு குட்டை என்று அக்கா விசிலடித்து அதற்குப் பழக்கி வைத்திருந்தாள். அதையே அது விடாமல் அடித்திருக்கிறது. "இந்த வீட்ல ஷிப்ட் முடியவே முடியாதா" என்று சண்டை போட ஏறி வந்த கீழ்வீட்டுக்காரர், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு உடைத்துத் திறந்தார். நல்லவேளை, எலும்பு தப்பியது. ஆனால் இனி அவளைத் தனியாக விடுவதற்கு எனக்கு மனம் இல்லை.

அவள் மகன் நல்ல பிள்ளைதான். உடனே தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். ஆனால் வீட்டுக்குள் பறந்தால் அசிங்கம் பண்ணும் என்று, வாஷிங் மிஷின் அளவுக்கு ஒரு கூண்டு வாங்கி, அதில் பறவையைப் போட்டு பால்கனியில் வைத்தான். அக்கா இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பறவையோடும் கூண்டோடும் தன் அறைக்கே திரும்பிவிட்டாள். பறவை தூங்குவதற்கு அவளிடம் சின்னதாகப் பழைய கூண்டு ஒன்று இருந்தது. புதுக் கூண்டில் மடித்த துணிகளை அடுக்கி வைத்துக்கொண்டாள்.

"பேசாம இங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. அவள் ஒரு சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள். "அண்ணி வந்தா எனக்குப் பேச ஆளாச்சு. நீங்க வேலை விட்டு வந்தா ஃபேனுக்கு அடியில உக்காந்து மேலயே பாத்துட்டு இருப்பீங்க. என்னை விட்டுட்டு அந்த ஃபேனையே கட்டிக்கிட்டிருந்தா அதுவாவது சுகப்பட்டிருக்கும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்களுடையது மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. பகல் முழுக்கச் சூடு குடித்த தளம், மாலையில் அதை எங்கள் தலையில் கக்கும். எனக்கு வேலை சாரம் கட்டுவது. கட்டடம் எழும்பும்போது சுற்றிலும் இரும்புக் குழாய் நிறுத்தி, பலகை போட்டு, மற்றவர்கள் நின்று வேலை செய்ய இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாகச் செய்கிறேன். மாலை ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால், வலது கை தானாகச் சுவிட்சுக்குப் போகும், உடம்பு தானாக நாற்காலிக்குப் போகும். அரை மணி நேரம் ஃபேன் காற்று வாங்கிய பிறகுதான் நான் மனுஷன். அதற்கு முன் என்னிடம் பேசினால் பதில் குழாய்தான் சொல்ல வேண்டும்.

அக்காவிடம் நான் மார்தட்டினேன். "பதினாறாவது மாடியில மனுஷனையே விழாம பாத்துக்கிறவன் நான். ஒரு குருவியப் பாத்துக்க மாட்டேனா?"

"குருவி இல்ல. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்" என்றாள்.

மூன்று மாலை வேலை செய்தேன். சைட்டில் கிழிந்து ஒதுக்கிய பச்சை வலையை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்து, ஃபேனுக்கு அடியில் தொட்டில் மாதிரி நாலு மூலையும் இழுத்துக் கட்டினேன். பரணின் விளிம்பு நெடுக நைலான் கயிற்றில் கைப்பிடி போட்டேன். பீரோவின் தலைக்கும் அப்படியே ஒன்று. மேஜை முனைகளுக்கு ஸ்பாஞ்சு, தரையில் பழைய மெத்தை, பக்கெட்டுகளுக்கு மூடி. என் கூட வேலை செய்கிற ஒட்டடை, ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம் என்பதால் வந்த பெயர் அது, ஒரு மாலை உதவிக்கு வந்தான். வேலையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஹெல்மெட் ஒண்ணு செஞ்சிடலாம். ஷாம்பு பாட்டில் மூடி சரியா இருக்கும்" என்றான். என் வீட்டுக்காரி, "இடுப்பு பெல்ட்ட விட்டுட்டீங்களே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பறவையைக் கீழ்வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, தடி ஊன்றிக்கொண்டு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராகப் பரணுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அது என்னடா கயிறு?"

"கைப்பிடி."

"யாருக்கு?"

"சூப்பர்வைசருக்கு. மேல நடக்கும்போது விழுந்துடக் கூடாதுல்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். தரையில் கிடந்த மெத்தையைப் பார்த்தாள். பிறகு அந்த மெத்தையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து ஓடி வந்து, என்ன என்றே கேட்காமல் சேர்ந்துகொண்டாள்.

"தம்பி," என்றாள் அக்கா கண்ணைத் துடைத்தபடி, "அதுக்கு இறக்கை இருக்குடா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில் ஆபத்து என்றால் விழுவதுதான். வேறு ஆபத்தை நான் யோசித்ததே இல்லை. மூன்று நாள் பாடுபட்டு, பறவை கீழே விழாத ஒரு வீட்டைக் கட்டி வைத்திருந்தேன்.

அக்கா பையிலிருந்து ஒரு தாள் எடுத்தாள். அவள் ரிட்டயர் ஆகும்போது கூடவே எடுத்து வந்த சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள். வீட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். குளியலறைக் கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை, ஓர் அம்பு. என் வீட்டுக்காரி பளபளவென்று துடைத்து வைத்திருந்த ஜன்னல் கண்ணாடி, ஓர் அம்பு.

"அண்ணி, அது சுத்தமாத்தானே இருக்கு?"

"அதான் தப்பு. கண்ணாடி இருக்கிறதே தெரியல. வேகமா வந்து முட்டிக்கும். மேல ரெண்டு காகிதம் ஒட்டி வை."

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. உள்ளே விழுந்தால் இறக்கை விரிக்க முடியாது என்று ஓர் அம்பு. கொசுவர்த்திச் சுருளுக்கு ஒன்று. நான் கட்டிய பச்சை வலைக்கு இரண்டு. "இதுல நகம் மாட்டுச்சுன்னா கால் போயிடும். நீ கட்டினதுலயே பெரிய ஆபத்து இதுதான்."

சமையலறையில்தான் வம்பு வந்தது. அக்கா நான்-ஸ்டிக் வாணலியின்மேல் ஓர் அம்பை ஒட்டினாள்.

"இது என்ன பண்ணுச்சு?" என்றாள் என் வீட்டுக்காரி. அவள் ஆசைப்பட்டு வாங்கிய வாணலி. என்னைக்கூட அதைத் தொட விடமாட்டாள்.

"காலியா அடுப்புல காஞ்சா ஒரு புகை வரும். நமக்கு ஒண்ணும் ஆகாது. பறவைக்கு மூச்சு நின்னுடும். டாக்டரே சொன்னாரு."

என் வீட்டுக்காரி வாணலியைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இவரு ஒரு நாளாவது ஏதாவது விட்டுக்கொடுத்திருக்காரா, கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைத் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

கடைசியாக அக்கா ஹாலுக்கு வந்தாள். ஃபேனைப் பார்த்தாள். அம்பை ஃபேனில் ஒட்டவில்லை, சுவிட்சில் ஒட்டினாள். "அது வெளிய இருக்கிற நேரம் இது ஓடக் கூடாது. ஏழு மணிக்கு அது கூண்டுக்குள்ள தூங்கப் போயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு வேணா போட்டுக்க."

நான் ஆறரைக்கு வருகிறவன். இடையில் அரை மணி நேரம். "அரை மணி நேரம்தானே, அதுல என்ன இருக்கு" என்றேன். என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மொத்தம் பதினான்கு அம்பு. "அடுத்த ஞாயிறு. ஆல்ட்ரேஷன் பண்ணி வை" என்று சொல்லிவிட்டு அக்கா போனாள்.

இந்த முறை மேலிருந்து தொடங்கினேன். ஏணி வைத்துப் பரணில் ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, வீட்டைப் பார்த்தேன். ஊரில் எத்தனை வீடுகளை உயரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், என் வீட்டைப் பார்த்ததில்லை. பீரோவின் தலையில் ஆறு வருஷத்துத் தூசி. ஜன்னலுக்கு மேலே இன்னொரு ஓட்டை; அக்கா கண்ணுக்கே தப்பியது. ஃபேன் இறக்கைகளின் மேல்புறம் கறுப்பாகப் படிந்திருந்தது. அகலமாக, தட்டையாக, ஒரு பறவை உட்காருவதற்கு அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை.

வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரி, பரணில் கால் தொங்கக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க, வாணலிய எடுத்து வச்சதுக்கு நான்தானே கோவப்படணும். நீங்க ஏன் மேல ஏறி உக்காந்திருக்கீங்க?"

ஓட்டைகளுக்கு எஃகுக் கம்பி வலை அடித்தேன். பீரோவைச் சுவரோடு தள்ளினேன். கண்ணாடிக்கு என் வீட்டுக்காரி பழைய காலண்டரிலிருந்து பூக்களை வெட்டி ஒட்டினாள். சுவிட்சுக்கு மட்டும் எங்கள் சைட் வழக்கப்படி ஓர் ஏற்பாடு செய்தேன். சைட்டில் பொருள் ஏற்றுகிற மிஷினுக்கு அருகில் யாராவது ஏறி வேலை செய்தால், கீழே அதன் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் ஏறுவார். யார் மாட்டினாரோ அவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் தொடக் கூடாது. அந்த மாதிரி ஓர் அட்டை வெட்டி, "நிறுத்து. மேலே ஆள்" என்று எழுதிச் சுவிட்சில் மாட்டினேன். நாற்பத்தாறு வயதில் எழுதப் பழகிய எழுத்து. கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். ஆனால் படிக்க முடியும்.

"ஆள் இல்ல, பறவை" என்றாள் என் வீட்டுக்காரி.

"சூப்பர்வைசர்னா ஆள்தான்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா சின்னக் கூண்டில் பறவையும், பெரிய கூண்டில் துணிமணியும், ஒரு டேபிள் ஃபேனுமாக வந்து இறங்கினாள். அறையை இன்னும் காலி செய்யவில்லை. சாவி இடுப்பில் இருந்தது. வீட்டைச் சுற்றி வந்து, பதின்மூன்று அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தாள். சுவிட்சில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தாள். "இது ஓடிப் பாத்தாத்தான் தெரியும். ஒரு வாரம் பாக்கலாம்" என்றாள்.

பறவையைத் திறந்துவிட்டோம். அது முதலில் பீரோவின் தலைக்குப் போனது. நான் கட்டிய கைப்பிடிக் கயிற்றை இன்னும் அவிழ்க்காமல் விட்டிருந்தேன். அதன்மேல் ஏறி உட்கார்ந்து, தலையை ஆட்டி எங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தது.

"பாத்தியா அக்கா, கைப்பிடி உதவுது."

"உக்கார உதவுது" என்றாள் அக்கா.

மூன்று நாள் வீடு கலகலவென்று இருந்தது. நான் வரும்போது பெண்கள் இரண்டு பேரும் சமையலறையில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தக்கூட மாட்டார்கள். நான் அட்டையைப் பார்ப்பேன், கையை மடக்கிக்கொள்வேன், வியர்வை வழிய ஏழு மணி வரை நாற்காலியில் இருப்பேன். சூப்பர்வைசர் என் முழங்காலில் ஏறி, காய்ந்த சிமெண்டைக் கொத்திப் பார்க்கும்.

நாலாம் நாள் ஒன்பது மாடிச் சாரத்தைப் பிரித்தோம். கட்டுவதைவிடப் பிரிப்பது கடினம். வெயிலில் காய்ந்த குழாய், கையுறையைத் தாண்டிச் சுட்டது. மாலையில் கடைசிக் குழாயை இறக்கி, மிஷின் சுவிட்சிலிருந்து என் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே தூங்கி வந்தேன். கதவைத் திறந்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

தலைக்கு மேலே காற்று வந்தது. என்ன சுகம் என்று நினைத்தேன். அடுத்த நொடி ஒரு கிறீச்சிடல்.

எங்கள் ஃபேன் கிழட்டு ஃபேன். வேகம் பிடிக்கவே ஒரு நிமிஷம் ஆகும். அதற்காக அதை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்று அதுதான் காப்பாற்றியது. இறக்கைமேல் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அரைச் சுற்று அதனோடேயே போய், பயந்து எழும்பி, அடுத்த இறக்கையில் வால் அடிபட்டு, ஜன்னல் திரையில் மோதி, கதவு மூலையில் விழுந்தது. மூன்று வால் இறகுகள் ஹால் முழுக்கச் சுற்றி மெதுவாக இறங்கின.

நான் எப்போது சுவிட்சைத் தட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று சைட்டு அட்டை. இன்னொன்று வீட்டு அட்டை. வேலை முடிந்தால் நான் மாட்டியதை நானே கழற்றுவது முப்பது வருஷப் பழக்கம். கை அதை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அந்த வீட்டில் அட்டையை மதிக்காதவன், அதை எழுதியவன் ஒருவன்தான்.

அக்கா பறவையைக் கையில் ஏந்தி, விரலால் ஒவ்வோர் எலும்பாகத் தடவிப் பார்த்தாள். சட்டைத் தையலைப் பார்க்கிற அதே விரல். பறவை அவள் உள்ளங்கையில் கொண்டையைப் படுக்க வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடுங்கியது.

"ஒண்ணும் முறியல" என்றாள். அதைச் சின்னக் கூண்டில் வைத்துத் துணியால் மூடினாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா..."

"உன் மேல தப்பு இல்ல தம்பி. நாள் முழுக்க இரும்பு தூக்குற கை. அத நாலு நாள்ல மாத்திட முடியாது. நான் அந்த அறைய இன்னும் விடலல்ல. நாளைக்குக் காலைல போயிடுறேன். நீங்க வந்து வந்து பாத்துட்டுப் போங்க."

"அண்ணி, அங்க போயி மறுபடி விழுந்தா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"கத்த ஆள் இருக்கு" என்றாள் அக்கா, துணி மூடிய கூண்டைக் காட்டி. ஆனால் அன்று அந்த ஆள் கத்தவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைட்டில் மேஸ்திரி ஒன்று சொல்வார். களைத்தவனுக்குப் புத்தி சொல்லாதே, ஆபத்தை அவனுக்கு எட்டாத இடத்தில் வை என்பார். குழிக்குப் பக்கத்தில் 'பார்த்துப் போ' என்று பத்து தடவை கத்துவதைவிட, குழியை மூடுவது மேல். நான் குழியைத் திறந்து வைத்து, பக்கத்தில் அட்டை மாட்டியிருந்தேன்.

எழுந்து போய் மெயினை அணைத்தேன். ஏணியைக் கொண்டுவந்து ஹால் நடுவில் நிறுத்தினேன். கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். என் வீட்டுக்காரி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

"ஆல்ட்ரேஷன்."

இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தேன். பிறகு ஒயரைப் பிரித்து, முனையில் டேப் சுற்றி, மோட்டாரைத் தோளில் தாங்கி இறக்கினேன். அத்தனை வருஷம் அடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், இவ்வளவு கனம் என்று தெரியாது. மேலே கொக்கி மட்டும் மிச்சம் இருந்தது.

"வெயில்ல நீ என்ன ஆவ? இந்த வீட்ல காத்து இல்லாம மனுஷன் இருக்க முடியாதுடா" என்றாள் அக்கா.

"நீ கொண்டுவந்த டேபிள் ஃபேன் இருக்கே."

"அந்த ஃபேன் கம்பி இடுக்குல சூப்பர்வைசர் தலை போயிடும்."

என் வீட்டுக்காரி பெரிய கூண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அது மூன்றாவது முறை. அக்காவின் துணிகளை அவள் எடுத்துக் கட்டிலில் போட்டாள். நான் டேபிள் ஃபேனைத் தூக்கி, அக்கா மகன் வாங்கிய வாஷிங் மிஷின் அளவு கூண்டுக்குள் வைத்தேன். தைத்து வைத்தது போலப் பொருந்தியது. சுண்டுவிரல்கூடப் போகாத நெருக்கமான கம்பி. ஒயரைப் பின்பக்கம் விட்டு, பறவை கொத்தாதபடி ஒரு குழாய்க்குள் நுழைத்து, கூண்டுக் கதவைத் தாழ் போட்டேன். மெயினைப் போட்டதும், கூண்டுக்குள்ளிருந்து காற்று வந்தது.

"பறந்து போயிடாம பூட்டு போடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

அக்கா கூண்டுக் கம்பி இடுக்குகளில் விரலை ஓட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சூப்பர்வைசர் என்ன சொல்றாருன்னு பாக்கலாம்" என்றாள். "அது மறுபடி விசில் அடிச்சா இருக்கேன். பயத்துல வாய் மூடிருச்சுன்னா, இந்த வீடு அதுக்கு ஒத்துவரலன்னு அர்த்தம்."

மறுநாள் காலை அவள் போகவில்லை. ஆனால் பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். சூப்பர்வைசர் தன் சின்னக் கூண்டை விட்டு வெளியே வரவில்லை. கதவு திறந்தே கிடந்தது. அதற்கு அடுத்த நாள் வெளியே வந்து, கூண்டின் தலையில் உட்கார்ந்துகொண்டது. மேலே பார்க்கும். பறக்காது. நான் ஃபேன் கொக்கியில் ஒரு மரக்குச்சியை இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஊஞ்சலாகத் தொங்கவிட்டேன். பதினாறாவது மாடியில் பலகைக்குப் போடுகிற அதே முடிச்சு. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சைட்டில் ஒட்டடை தினமும் விசாரிப்பான். "அண்ணே, சூப்பர்வைசர் வாய் திறந்தாரா?" இல்லை என்றால், "நம்ம சைட் சூப்பர்வைசருக்கு அந்த நோய் வரக் கூடாதா" என்பான்.

சனிக்கிழமை மாலை. இன்னொரு கட்டடத்துச் சாரத்தில் அன்றைக்கும் பிரிப்பு வேலை. ஆறரைக்குக் கதவைத் திறந்தேன். பெண்கள் இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் பை கதவோரம்தான் இருந்தது. என் கை போனது. டக்கென்று சுவிட்சைப் போட்டது.

அக்காவும் என் வீட்டுக்காரியும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் சுற்றவில்லை. சுற்ற ஒன்றும் இல்லை. நான் கையைச் சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு, திருடன் மாதிரி நின்றேன்.

தலைக்கு மேலே சத்தம் வந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

சூப்பர்வைசர் கொக்கியில் தொங்கிய ஊஞ்சலில் இருந்தது. எப்போது போய் உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வாலில் மூன்று இறகு குறைந்ததால் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து, கொண்டையைத் தூக்கி, என்னைப் பார்த்து மறுபடியும் ஷிப்ட் முடித்தது. மறுபடியும். கீழ்வீட்டுக்காரர் இங்கே இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, சுவிட்சில் மிச்சம் இருந்த அந்த ஓர் அம்பை நகத்தால் உரித்தாள். தூக்கிப் போடவில்லை. சுவிட்சின்மேல் இருந்த என் கையை எடுத்து, புறங்கையில் அதை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"எல்லாம் சரி பண்ணிட்ட. இந்த ஒரு டேமேஜ் மட்டும் சரியாகாது" என்றாள். "போகட்டும், பாஸ் பண்ணிடலாம்."

பிறகு கதவோரம் இருந்த பையை உள்ளே தூக்கிப் போனாள். இடுப்புச் சாவியை எடுத்து என் வீட்டுக்காரியிடம் கொடுத்து, "நாளைக்குப் போயி அந்த அறை ஓனர்கிட்ட குடுத்துடு" என்றாள். என் வீட்டுக்காரி வெங்காயக் கையோடு அதை வாங்கிக்கொண்டு, "அண்ணி, அப்படியே அந்த வாணலி விஷயத்தையும் கொஞ்சம் பாஸ் பண்ணுங்களேன்" என்றாள். அது மட்டும் நடக்கவில்லை.

நான் கூண்டுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஃபேனைப் போட அங்கே குனிய வேண்டும். குனிவதற்குள் தூக்கம் கலைந்துவிடும். காற்று இப்போது மேலே இருந்து வருவதில்லை, முகத்துக்கு நேராக வருகிறது. அதனால் அண்ணாந்து பார்க்க வேண்டிய வேலை இல்லை, எதிரே இருப்பவர்களோடு பேச வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு வேலைதான்.

திங்கட்கிழமை சைட்டில் கையுறையைக் கழற்றியபோது ஒட்டடை என் கையைப் பிடித்துப் பார்த்தான். இரண்டு நாள் சோப்புக்கும் சிமெண்டுக்கும் தப்பி, அம்பு ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணே இது, அடிபட்ட இடமா?"

"இல்லடா. செக்கிங் முடிஞ்சது" என்றேன்.